காணாமல் போன ஐந்தாவது குப்பி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வாயில் மிச்சமிருக்கும் ஆறு பற்களின் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். அந்த ஆறில் இரண்டு ஆடுகின்றன. சத்தியத்துக்கு அவை வேண்டாம். உறுதியாக நிற்கிற நாலே போதும்.

காலை பதினொரு மணி. ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடி நடைவழியில் ஒரு பெஞ்சுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கூடவே என் உதவியாளர். உதவியாளர் என்றால் நான் தேடிப் பிடித்தவர் அல்ல, மகன் தேடிப் பிடித்தவள். என் மருமகள் கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். துப்பறிவது என் வேலை. வண்டி ஓட்டுவது, கேள்வி கேட்பது, கேட்டதை எழுதிக்கொள்வது, எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது போன்ற சில்லறை வேலைகள் அவளுடையவை.

எங்களை வரவழைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை நிலையமே பனியக்கா என்று கூப்பிடுகிறது. நாற்பத்தைந்து வயது இருக்கும். பேசும்போது முகம் கலங்குகிறது, கை மட்டும் ஆடவில்லை. கையை வைத்துப் பிழைப்பவர் என்று பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டேன். என் மருமகள் அதை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

"நாலு மணிக்குக் குழு கூடுதும்மா. மூணு பேர். என்னை வேலையை விட்டு அனுப்பற கடிதத்தை டைப் அடிச்சே வெச்சிட்டாங்க. தேதி மட்டும்தான் போடணும்" என்றார் பனியக்கா.

"என்ன திருடிட்டீங்கன்னு சொல்றாங்க?" என்றாள் மருமகள்.

"அரை ஸ்பூன் கூட இருக்காது. ஒரு குப்பி."

"அரை ஸ்பூனைக் காவல் காக்கவா இவ்வளவு உயரமா கேட் போட்டிருக்காங்க?"

பனியக்கா சிரித்துவிட்டார். வந்த விஷயம் அதன் பிறகுதான் ஒழுங்காக வெளியே வந்தது.

அவர் வேலை இது. நம் உடம்பின் உயிரணுச் சுவரில் வாசல்காவல் பார்க்கும் ஒரு புரதம் இருக்கிறது. அது கலந்த நீரில் ஒரு சொட்டை எடுத்து, உளுந்தைவிடச் சின்னதான செம்புச் சல்லடை வில்லையில் வைத்து, அதிக ஈரத்தை ஒத்தி எடுத்துவிட்டு, கொடுங்குளிர்த் திரவத்துக்குள் சடாரென்று முக்க வேண்டும். பனிக்கட்டியாகலாமா என்று யோசிக்கக்கூட தண்ணீருக்கு நேரம் தரக்கூடாது. கண்ணாடி போல அப்படியே நின்றுவிட வேண்டும். உள்ளே புரத மூலக்கூறுகள் நின்றது நின்றபடி, கவிழ்ந்தது கவிழ்ந்தபடி மாட்டிக்கொள்ளும். அந்த வில்லையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் படம் எடுத்தால், ஒரே மூலக்கூறின் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு எல்லாம் கிடைக்கும். எல்லாவற்றையும் கணினி சேர்த்து முப்பரிமாண உருவமாக்கிக் கொடுக்கும்.

"எனக்கு ஒரு பழக்கம் உண்டும்மா. குளிர்ப்பெட்டியில முதல் குழியில எப்பவும் வெறும் உப்புத்தண்ணி வெப்பேன். முதல்ல அதை உறைய வெச்சுப் பாத்து, பனி கனமா விழுதா மெலிசா விழுதான்னு சரி பண்ணிக்குவேன். ரெண்டாவது குழியிலேர்ந்துதான் புரதம். இந்தத் தடவை நாலு குப்பி. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு."

"சரி."

"போன மாசம் ஒரு விடுமுறை நாள்ல இயக்குநர் ஐயா தானே வந்து உறைய வெச்சிருக்கார். அவர் இடுக்கியைத் தொட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு. என் பழக்கமெல்லாம் அவருக்குத் தெரியாது. முதல் குழியிலேர்ந்து எடுத்திருக்கார்."

"இயக்குநர் ஆச்சே! அவர் என்னிக்கு ரெண்டாவது வரிசையில உக்காந்திருக்கார்?" என்றாள் மருமகள்.

"ஆனா அதுலேர்ந்து படம் வந்திடுச்சே! நல்ல படம். ஏழு இதழ் வெச்ச பூ மாதிரி. மறுபடி ஒரு தடவை எடுக்கலாம்னு போன வாரம் அதே குப்பியைச் சோதிச்சா வெறும் உப்புத்தண்ணி. 'அன்னிக்குப் புரதம் இருந்திருக்கு, இன்னிக்கு இல்லை. நீ செஞ்சது அஞ்சு குப்பி. ஒண்ணை எடுத்துட்டுத் தண்ணி ஊத்தி வெச்சிட்டே'ங்கறார். போட்டி நிலையத்துல என் தங்கச்சி வேலை பார்க்கறா. அவகிட்ட கொடுத்திட்டேனாம். அவளையும் அங்க நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறாங்க."

"உங்க நோட்டுல நாலுன்னுதானே எழுதியிருப்பீங்க?"

"எழுதியிருக்கேன். 'திருடினவ எழுதின நோட்டு'ன்னுட்டார்." குரலைத் தாழ்த்தினார். "வேலை போறதைவிட இன்னொண்ணு உறுத்துதும்மா. படத்தைப் பாத்த பிறகு எனக்கே சந்தேகம் வந்திடுச்சு. நான்தான் குப்பியை மாத்தி வெச்சிட்டேனோ? பதினாலு வருஷமா இந்தக் கையை நம்பித்தானே இருக்கேன்."

நான் மீசையைத் தடவினேன். "வழக்கில் ஒரே ஒரு சாட்சிதான். அந்தப் படம். சாட்சியை விசாரித்துவிட வேண்டியதுதான்."

"உங்களுக்கு ஏத்த சாட்சி மாமா. நடுவுல குறுக்கே பேசாது" என்றாள் மருமகள்.

இயக்குநரின் அறை வாசலில் அவருடைய பெரிய புகைப்படம் மாட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடி, பக்கவாட்டு வகிடு, தூரத்துப் பார்வை. உள்ளே அதே வகிடு, அதே கண்ணாடி, கொஞ்சம் பக்கத்துப் பார்வை. மரியாதை தெரிந்தவர். எங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். மருமகள் உட்கார்ந்தாள். வயதானவன் நிற்பதுதான் கம்பீரம் என்று நான் நின்றுகொண்டேன்.

"குற்றம் தெளிவா இருக்கும்மா" என்றார் அவர். கெட்ட மனிதர் இல்லை. தான் சரி என்பதில் தனக்கே சந்தேகம் வராத வகை. "தண்ணியைப் படம் எடுத்தா புரதம் வருமா? வராது. எனக்கு வந்திருக்கு. அப்போ குப்பியில புரதம் இருந்திருக்கு. சின்னக் குழந்தைக்கும் புரியற தர்க்கம்."

"வாஸ்தவம்தான் சார்" என்ற மருமகள், மேஜைமேல் காகிதங்களை அழுத்திக்கொண்டிருந்த ஒரு சுட்ட களிமண் உருண்டையைக் கையில் எடுத்தாள். நடுவில் ஓட்டை, சுற்றி ஏழு புடைப்பு. "இது என்ன சார், அழகா இருக்கு?"

இயக்குநரின் முகம் மலர்ந்துவிட்டது. "மூணு வருஷம் முன்னாடி நானே செஞ்சது. இந்தப் புரதம் இப்படித்தான் இருக்கும்னு அப்பவே யூகிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. இப்ப படத்தைப் பாருங்க. இயற்கை அப்படியே என் பேச்சைக் கேட்டிருக்கு!"

மருமகள் உருண்டையைத் திருப்பித் திருப்பி விரலால் தடவினாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தாள். அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அந்த ஆண்டில் அதுதான் முதல் தடவை. அதை நான் குறித்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அவள் வாசலில் இருந்த புகைப்படத்தைத் தன் போனில் நேராக, நிழல் விழாமல் ஒரு படம் எடுத்தாள்.

"எதுக்கும்மா?" என்றேன்.

"தொழில் பழக்கம் மாமா. வகிடு இவ்வளவு நேரா எடுத்தவங்களை விடறதில்லை."

நுண்ணோக்கி தரைத்தளத்தில் தனி அறையில் இருந்தது. உயரம் என்னைப்போல் இரண்டு மடங்கு. என் பாட்டனாரைப்போல் ஒன்றேகால் மடங்கு. அதற்கு அங்கே 'பெரியவர்' என்று பெயர். "சத்தம் போடாதீங்க, பெரியவர் வேலை செய்றார்" என்று யாரோ சொன்னபோது, நான் ஒன்றும் செய்யவில்லையே என்று ஒரு கணம் கூச்சப்பட்டேன்.

அடுத்த அறையில் கணினிக்காரர். ஒல்லியானவர். கதவு தட்டினாலே மன்னிப்புக் கேட்பவர். மருமகள் நேராக விஷயத்துக்கு வந்தாள். "அந்த விடுமுறை நாள் படம் ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. சேர்த்தது வேண்டாம். தனிப்படம்."

திரையில் சாம்பல் நிறம் வந்தது. அதன் மேல் சாம்பல் நிறப் புள்ளிகள். ஓரமாகக் கொஞ்சம் சாம்பல்.

"புரதம் எங்க?"

"தனிப்படத்துல கண்ணுக்குத் தெரியாதும்மா. எலெக்ட்ரான் அதிகமா பட்டா மூலக்கூறு கருகிடும். அதனால கொஞ்சமாத்தான் பாய்ச்சுவோம். மங்கலாத்தான் இருக்கும். அந்த மாதிரி நாலு லட்சம் துண்டு எடுத்து, ஒண்ணுமேல ஒண்ணு பொருத்திக் கூட்டினா இரைச்சல் அடங்கி உருவம் மேல வரும்."

"பூஜ்யத்தை நாலு லட்சம் தடவை கூட்டினா?"

கணினிக்காரர் நாற்காலியில் நெளிந்தார்.

"இன்னொண்ணு. ஒண்ணுமேல ஒண்ணு பொருத்தறீங்களே, எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால்னு கணினிக்கு யார் சொல்றது?"

"ஒரு மாதிரி உருவம் கொடுப்போம். 'இதைப்போல இருக்கறதைத் தேடு, இதுக்கு ஏத்தாப்ல திருப்பி வை'ன்னு."

இந்தக் கேள்வியைத்தான் நானும் கேட்கவிருந்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன்.

"சேர்த்து வந்த உருவத்தைக் காட்டுங்க" என்றாள் அவள்.

திரையில் ஏழிதழ்ப் பூ மெல்லச் சுழன்றது. நீல நிறம், நடுவில் ஓட்டை. உண்மையிலேயே அழகுதான். ஆறு இதழ்கள் ஒரே அளவு. ஏழாவது மட்டும் நுனி சாய்வாகக் குட்டையாக இருந்தது.

"அந்தக் குட்டை இதழ்தான் பெரிய கண்டுபிடிப்பு" என்றார் கணினிக்காரர், ஒப்பிப்பது போல. "அதுதான் வாசலோட தாழ்ப்பாள்னு ஐயா சொல்றார். அதைப்பத்தி மட்டும் இருபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கார்."

மருமகள் திரையை நெருங்கிப் பார்த்தாள். பிறகு தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். பிறகு கணினிக்காரரைப் பார்த்தாள். "மாதிரி உருவம்னீங்களே. இதுக்கு எதைக் கொடுத்தீங்க?"

அவர் மூடியிருந்த கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "ஐயா மேஜையில ஒரு களிமண் உருண்டை இருக்கில்ல... அதை ஸ்கேன் பண்ணச் சொன்னார்."

"தனிப்படத்துல ஒண்ணுமே இல்லைன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"தோணிச்சும்மா. ஐயா பக்கத்துல நின்னு 'தெரியுதா'ன்னு கேட்டார். எனக்கு முன்னாடி நின்ன ரெண்டு பேர் 'தெரியுது'ன்னாங்க. நான் மூணாவது ஆள்."

அவருக்கு எச்சரிக்கை கொடுத்து ஒரு பிரசங்கம் செய்யலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் மருமகள் தன் போனை நீட்டிவிட்டாள். "திட்ட எல்லாம் நேரமில்லை. உங்களால ஒரு காரியம் ஆகணும். அதே நாலு லட்சம் துண்டு. ஒண்ணைக்கூட மாத்தாதீங்க. மாதிரி உருவத்தை மட்டும் மாத்துங்க. களிமண்ணுக்குப் பதிலா இந்தப் படம்."

போனைப் பார்த்த கணினிக்காரர் வெளிறினார். "இதுவா? என் வேலை போயிடும்மா!"

"நாலு மணிக்கு ஒருத்தருக்கு நிஜமாவே போகப்போகுது. மேல பெஞ்சுல உக்காந்திருக்காங்க. உங்களுக்கும் அவங்கதானே தினம் வில்லை செஞ்சு தர்றாங்க?"

அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு போனை வாங்கிக்கொண்டார். "ரெண்டரை மணி நேரம் ஆகும்."

காத்திருந்த நேரத்தில் மருமகள் என்னிடம் விளக்கம் சொன்னாள். எனக்குத் தெரிந்ததுதான், அவளுக்குச் சொல்லிப் பழக வேண்டுமே என்று கேட்டுக்கொண்டேன்.

"எங்க ஸ்டூடியோவுக்கு வர்றவங்க யாரும் தங்களோட மூஞ்சியைக் கேக்கறதில்லை மாமா. மனசுல ஒரு மூஞ்சி வெச்சிருப்பாங்க. அது வர்ற வரைக்கும் 'இது சரியில்லை, இது சரியில்லை'ன்னு தள்ளிட்டே இருப்பாங்க. இந்தக் கணினியும் அதையேதான் பண்ணியிருக்கு. வெறும் புள்ளிக்கூட்டத்துல பூ மாதிரி கொஞ்சம் சாயல் இருக்கற இடத்தையெல்லாம் பொறுக்கி, பூவுக்கு ஏத்தாப்ல திருப்பி, கூட்டிக் கொடுத்திருக்கு."

"நிரூபிக்க வேண்டாமா?"

"அதுக்குத்தான் அவர் மூஞ்சியைக் கடன் வாங்கியிருக்கேன். உங்களோடதைக் கொடுத்திருப்பேன். கணினி பயந்துடுமேன்னு விட்டுட்டேன்."

நாலு மணி. நீள மேஜை. குழுவில் மூவர். தலைவி ஓய்வுபெற்ற விஞ்ஞானி; மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். இன்னொருவர் எதற்கும் தலையாட்டுபவர். மூன்றாமவர் கடிகாரம் பார்ப்பவர். மேஜையின் கோடியில் பனியக்கா. தலைவிக்கு முன்னால் அந்தக் கடிதம், தேதிக்கு இடம் விட்டு.

இயக்குநர் தன் தர்க்கத்தை மறுபடி சொன்னார். தலையாட்டுபவர் தலையாட்டினார். தலைவி பேனாவைத் திறந்தார்.

மருமகள் எழுந்தாள். கையில், இயக்குநர் அறையிலிருந்து எடுத்து வந்த களிமண் உருண்டை. "சார், இது உங்களோடதுதானே? இதுல ஒரு இதழ் உடைஞ்சிருக்கு. எப்ப உடைஞ்சுது?"

"போன வருஷம். மேஜையைத் துடைக்கும்போது துணி பட்டுக் கீழ விழுந்திடுச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"செய்யும்போது ஏழு இதழும் ஒரே அளவா?"

"ஆமா. ஏழும் சமம்னுதான் என் யூகம்."

அவள் உருண்டையைத் திரையில் சுழன்றுகொண்டிருந்த பூவுக்குப் பக்கத்தில் பிடித்தாள். உடைந்த நுனியைக் குட்டை இதழுக்கு நேராகத் திருப்பினாள். அதே சாய்வு. சிதறிய ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. திரையிலும் அதே பிசிறு.

"அப்ப ஒரு சந்தேகம் சார். உங்க மூலக்கூறு எந்த மேஜையிலேர்ந்து விழுந்துச்சு?"

கடிகாரம் பார்ப்பவர் கடிகாரம் பார்ப்பதை நிறுத்தினார்.

இயக்குநர் உருண்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். நல்ல மூளைக்காரர்தான், சட்டென்று நிமிர்ந்தார். "மாதிரி உருவம் கொடுக்கறது எல்லாரும் செய்யறதுதான்! அதோட சாயல் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம். அந்த ஒரு இதழைத் தள்ளிடுங்க. மிச்ச ஆறும் புரதத்துலேர்ந்து வந்ததுதான். தண்ணிக்கு எங்கேர்ந்து இதழ் வரும்?"

தலைவி யோசித்தார். "அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கேம்மா. சாயல் ஒட்டினதாலயே குப்பியில புரதம் இல்லைன்னு ஆயிடாது." பேனா மறுபடி கடிதத்தின் மேல் போனது. பனியக்கா தன் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டார்.

"சரிங்கம்மா. தண்ணியில எது எது வரும்னு பாத்துடலாம்" என்றாள் மருமகள். கதவருகே நின்ற கணினிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். "அதே நாலு லட்சம் துண்டு. ஒண்ணுகூட மாத்தலை. அவரே சொல்வார்."

"ஒண்ணுகூட மாத்தலை" என்றார் கணினிக்காரர். அன்று அவர் மன்னிப்புக் கேட்காமல் சொன்ன முதல் வாக்கியம் அது.

திரையில் பூ மறைந்தது. சாம்பல் வந்தது. சாம்பலுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு வட்டம், பிறகு இன்னொரு வட்டம், இரண்டையும் இணைக்கிற ஒரு கம்பி. அதற்குக் கீழே மூக்கு. மேலே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல, பக்கவாட்டு வகிடு.

கடிகாரம் பார்ப்பவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது..." என்றார் இயக்குநர்.

"உங்க குப்பியில இருந்த புரதம் சார். தூரத்துப் பார்வை பார்க்குது" என்றாள் மருமகள்.

தலையாட்டுபவர் முதல்முறையாகத் தலையாட்டாமல் சிரித்தார். தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "வகிடு பிரமாதம்" என்றார். பிறகு குரல் மாறியது. "குப்பியில நீங்க இருந்திருக்க வழியில்லை. உங்க முகமே வருதுன்னா, எது கேட்டாலும் வரும். அப்போ அந்தப் பூவை வெச்சு எதையும் சொல்ல முடியாது. குப்பியில முதல்லேர்ந்தே உப்புத்தண்ணிதான். இந்த அம்மா நோட்டுல எழுதின மாதிரி நாலே குப்பி. அஞ்சாவதுன்னு ஒண்ணு இருந்ததே இல்லை."

கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். பனியக்காவின் தங்கை வேலை பார்க்கும் நிலையத்துக்குத் தானே போன் செய்வதாகச் சொன்னார்.

இயக்குநர் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். இருபத்திரண்டு பக்கத் தாழ்ப்பாள் போன துக்கம் முகத்தில் இருந்தது. ஆனால் பனியக்காவுக்கு எதிரில் வந்து நின்றார். "தப்பு என்னோடது. மன்னிச்சிடும்மா."

பனியக்கா தன் கையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். "மன்னிக்கறதெல்லாம் பெரிய வார்த்தை ஐயா. ஒண்ணே ஒண்ணு. இனிமே என் பெட்டியைத் திறக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கணும்."

"கேக்கறேன்."

"இப்பக் கேளுங்க."

இயக்குநர் விழித்தார். பிறகு புரிந்துகொண்டார். "பெட்டியைத் திறக்கலாமா?"

"திறக்கலாம். ரெண்டாவது குழி. வாங்க, நான் உறைய வெக்கறேன், நீங்க தள்ளி நின்னு பாருங்க. கணினிக்கு மாதிரி எதுவும் கொடுக்கக் கூடாது. அதுவா என்ன வருதோ வரட்டும்."

பத்து நாள் கழித்து அதுவாகவே வந்தது. ஐந்து இதழ், எல்லாம் ஒரே அளவு, ஒன்றிலும் உடைசல் இல்லை. இயக்குநர் புதிதாக எழுதிய கட்டுரையில் பனியக்காவின் பெயர் முதலிலும் அவர் பெயர் இரண்டாவதாகவும் இருந்ததாகக் கேள்வி.

இப்படியாக, என் கூர்மையான பார்வையாலும் சமயோசிதமான கேள்விகளாலும் அந்த வழக்கு ஐந்தே மணி நேரத்தில் முடிந்தது. வாசகர்களுக்கு ஒரு தகவலை மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்று அந்த வளாகத்துக்குள் நுழைய எங்களுக்கு ஒரே ஒரு அனுமதிச்சீட்டுதான் கொடுத்தார்கள். அது என் மருமகள் பெயரில் இருந்தது; ஓரத்தில் 'கூட ஒரு முதியவர்' என்று பேனாவால் சேர்த்திருந்தார்கள்.